பின்பக்கத்திலிருந்து

டிசம்பர் மூன்றாம் வாரம்
சிறுநீரகப் பிரிவில் எல்லோருக்கும் அட்டை வந்தது.
மருத்துவருக்கு, தரை துடைப்பவருக்கு,
வாசலில் பனி தள்ளும் மிகேலுக்கு,
எனக்கு.
நாற்பத்தொரு அட்டை.
நாற்பத்தொன்றிலும் சிவப்பு மையில் ஒரே எழுத்து.

வெர்னா ஹோக்லண்டின் வேலை.
வாரம் மூன்று நாள், நாள் ஒன்றுக்கு நாலு மணி நேரம்,
கணவர் ஆர்லோவின் ரத்தம்
இயந்திரத்துக்குள் போய்த் திரும்பும்வரை
மடியில் தட்டு வைத்து ரப்பர் செதுக்குவாள்.
வாத்து. பைன் மரம்.
டுலூத் துறைமுகத்துக் கலங்கரை விளக்கம்.
ஒருமுறை என் காலணி.
இம்முறை தேயிலைப் பெட்டியைப் பார்த்து
ஒரு சீன எழுத்து.

"உங்க எழுத்துதானே பெய்லான், என்ன அர்த்தம்?"
டார்சி கேட்டாள். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.
"நல்லது" என்றேன்.
பொய்யில்லை.
முழு உண்மையும் இல்லை.

அந்த எழுத்தில்
இடப்பக்கம் ஒரு பெண் இருப்பாள்,
வலப்பக்கம் ஒரு பிள்ளை.
அட்டையில் இருவரும் இடம் மாறி
ஆளுக்கொரு திசையில் முறுக்கிக்கொண்டு நின்றார்கள்.
கண்ணில் பட்டபடியே வெட்டிவிட்டாள் வெர்னா.
முத்திரையோ கண்ணாடிக்குத் தங்கை,
எதைக் கொடுத்தாலும் திருப்பித்தான் தரும்.
திரும்பிய வாத்தும் வாத்துதான்.
திரும்பிய விளக்கும் விளக்குதான்.
எழுத்துக்கு அந்தச் சலுகை கிடையாது.

சொல்வதா?
இந்த ஊரில் இதைப் படிக்கத் தெரிந்தவர்களை
இரண்டு மேசையில் உட்கார வைத்துவிடலாம்.
வாய்வரை வந்ததை
மூன்று வாரம் விழுங்கினேன்.

ஜனவரியில் அவளே கேட்டாள்:
"சரியா வந்திருக்கா? மழுப்பாதே.
ஐம்பது வருஷம் தையல் போட்டவள் நான்,
பிரிக்கத் தெரியும்."

சொன்னேன்.
மெழுகுத்தாளில் பென்சிலால் படியெடு,
தாளைக் கவிழ்த்து ரப்பர்மேல் வை,
கரண்டியின் முதுகால் தேய்.
ரப்பரில் தப்பாகத் தெரிந்தால்
தாளில் சரியாக விழும்.
"எங்க கல்யாணம் மாதிரி" என்றார் ஆர்லோ,
கண் திறக்காமல்.

அடுத்த வியாழன்
பெண்ணும் பிள்ளையும் அவரவர் பக்கத்தில்.
ஆனால் உளி சறுக்கியிருந்தது.
பிள்ளையின் இரு கைகளாய் நீளும் குறுக்குக்கோடு
தூளாய் உதிர்ந்திருந்தது.
கையில்லாத அந்தப் பாதியைத் தனியாய்ப் படித்தால்
பிள்ளை இல்லை.
'முடிந்தது' என்று வரும்.

"இப்போ என்ன சொல்லுது?"
இம்முறை கேட்டது ஆர்லோ. கண் திறந்திருந்தது.
இயந்திரம் தன் பாட்டுக்குச் சுற்றியது.
"பிள்ளைக்குக் கை போயிடுச்சு" என்றேன்.
அதுவும் பொய்யில்லை.

வெர்னா புது ரப்பர் எடுத்தாள்.
நான் அவர் கையிலிருந்து ஊசியை உருவி
துளையை அழுத்திப் பிடித்த பத்து நிமிடமும்
அவள் அந்த ஒரு கோட்டைச் சுற்றியே செதுக்கினாள்,
யாருடைய தலையெழுத்தையோ திருத்துகிறவள்போல
நாக்கு நுனி உதட்டோரம் எட்டிப் பார்க்க.
மையில் ஒற்றி, தேட இடமில்லாமல்
ஆர்லோவின் வெள்ளைப் பிளாஸ்திரிமேல் அழுத்தினாள்.

இடப்பக்கம் பெண்.
வலப்பக்கம் பிள்ளை, இரு கையும் நீட்டி.
கோடு கொஞ்சம் தடிமன்.
"சரி" என்றேன். முழு உண்மை.

பழைய அட்டைகளைத் திரும்பக் கேட்டாள்.
பதினெட்டு வந்தன.
மிகேல் தர மறுத்துவிட்டான்,
தனக்கு அதுதான் பிடித்திருக்கிறதாம்.
தொலைந்துபோச்சு என்றேன் நான்.

என் அட்டை சமையலறை ஜன்னலில் இருக்கிறது,
மடிப்பை விரித்து, முகம் தெருவைப் பார்க்க.
ஏரியிலிருந்து காலை வெயில் ஏறும்போது
தாளின் முதுகில் சிவப்பு கசிந்து தெரியும்.
தெருவுக்கு அது ஏதோ ஒரு கோலம்.
பாத்திரம் கழுவும் எனக்கு,
எழுத்துப் பிசகாமல்,
நல்லது.