காலி

போன வாரம் எட்டாம் வகுப்பு ஸ்டிக்கரைத்
தலைகீழாய் ஒட்டியது நான்தான்.
பதினாறு மணி நேரம் வரிசையில் நின்ற வண்டியைக்
காட்டுப்பள்ளி கேட்டில் திருப்பிவிட்டார்கள்.
அதற்காகத்தான் இந்தப் பயிற்சி என்று
யாரும் சொல்லவில்லை.
டேங்கர் துளசிங்கம் மட்டும்
டீ கிளாஸுக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

சாத்தாங்காடு குடோனில் ஒரு மூலையைப் பெருக்கி
முப்பது பிளாஸ்டிக் நாற்காலி.
ஃபேன் காற்றில் திரை அசைய
அமிலம் தின்னும் அந்தக் கை
லேசாய் ஆடிக்கொண்டே இருந்தது.

மெஹருன்னிஸா மேடம் எதையும்
தமிழில் ஒருமுறை, இந்தியில் ஒருமுறை சொன்னார்.
தமிழில் சிரித்தவர்கள் ஓய்ந்தபின்
இந்தியில் சிரித்தார்கள்.

மூன்று, எரியும் திரவம்.
ஆறு, நஞ்சு.
எட்டு, அரிக்கும்.
நான் படிப்பை விட்டதும் எட்டில்தான்.

பாதியை மூக்கு முன்பே படித்திருந்தது:
மணலி திருப்பத்தில் அழுகின முட்டை,
எர்ணாவூர் பாலத்தில் வாணலி தீய்ந்த வாடை,
ராத்திரி பன்னிரண்டுக்கு மேல்
தொண்டையில் வந்து உட்காரும் பெயரில்லாத ஒன்று.
"மூக்க நம்பாதீங்க" என்றார் மேடம்.
"சில வாயு மொதல்ல மூக்கத்தான் சாகடிக்கும்.
நாத்தம் போயிடுச்சுன்னு நெனப்பீங்க.
போனது நாத்தமில்ல."

கசிந்தால் எந்தப் பக்கம் ஓடுவீங்க?
காற்றுக்கு எதிராக என்பது விடை.
"வூட்டாண்ட" என்றார் கோதண்டம்.
இந்த முறை இரண்டு மொழியிலும்
ஒரே நேரத்தில் சிரித்தார்கள்.
மேடம் சிரிக்கவில்லை.
"வீடு எந்தப் பக்கம்?" என்று கேட்டார்.

லெமன் சாதப் பொட்டலத்துக்குப் பிறகு
பாதிப் பேர் தலை தொங்கும் நேரத்தில்
திரையில் வந்தது அந்த ஒற்றை வரி:
காலி டிரம் காலி அல்ல.
கழுவி, சோதித்து, சான்று வாங்கும்வரை
உள்ளே இருந்தது
உள்ளேதான் இருக்கிறது.
அதுவரை ஸ்டிக்கரைக் கிழிக்கக் கூடாது.
"மூடியத் தொறந்து எட்டிப் பாத்தா
ஆளே காலி" என்றார் துளசிங்கம்.

எங்கள் வாசலில் நிற்கிறது ஒரு நீல டிரம்.
போன கோடையில் வாங்கியது, முந்நூற்றைம்பது ரூபாய்.
"கழுவினதுதாம்மா" என்றான் கடைக்காரன்.
வெயிலில் மற்ற இடமெல்லாம் வெளுத்திருக்க
அதன் வயிற்றில் மட்டும்
ஒரு சாய்சதுரம் அடர்நீலமாய் இருக்கும்.
அதை முகமாக்கி
என் மகன் கண்ணும் பல்லும் வரைந்திருக்கிறான்.
லாரித் தண்ணீர் அதில்தான்.
சோறு அதில்தான். அவனுடைய பள்ளிக்கூட பாட்டில் அதில்தான்.

மூன்றா, ஆறா, எட்டா?

தேர்வில் இருபதுக்குப் பதினெட்டு.
மேற்கண்டவை யாவும் எனக்குப் புரிந்தன
என்ற வரிக்குக் கீழே
ரெஜினா என்று கையெழுத்துப் போட்டேன்.

வீட்டுக்கு வந்து பையைக்கூட இறக்காமல்
டிரம்மைச் சாய்த்தேன்.
எதிர்வீட்டு மோட்சம் குடத்தோடு ஓடிவந்தாள்.
"பைத்தியமா புடிச்சிருக்கு ஒனக்கு?
நாளான்னிக்குத்தான் லாரி."
தண்ணீர் சந்தின் சரிவில் இறங்கிப் போக
கண்ணும் கூடவே போனது.
வாசலுக்கு ஒன்று. நீலம், நீலம்,
ஒரு வெள்ளை, மறுபடி நீலம்.
சிலவற்றில் பசை தூசி பிடித்துக் கறுத்திருந்தது.
சிலவற்றை
சுவர்ப்பக்கம் பார்க்கத் திருப்பி வைத்திருந்தார்கள்.
ஒன்பதுக்கு மேல் எண்ணவில்லை.

மோட்சத்தின் குடத்தில் பாதி நிறைந்திருந்தது.
"அத்த ஊத்திடு" என்றேன்.
"ஊத்திட்டு? எதுல புடிப்ப நீ?
நா எதுல புடிப்பேன்?"
ஐம்பத்திரண்டு படத்தில் அதற்கு
ஒரு படமும் இல்லை.

சொட்டு வடியட்டும் என்று டிரம்மைக் கவிழ்த்தேன்.
டியூஷன் முடிந்து வந்த மகன்
பல்லுக்குக் கீழே கண் இருப்பதைப் பார்த்துவிட்டு,
"தலகீழா வெச்சிட்டம்மா" என்றான்.