நாலு மணி நிழல்

தொண்டி சமுதாயக் கூடத்தில் நேர்காணல்.
மின்விசிறிக்குப் பறக்காமல் விண்ணப்பங்கள் மேல்
ஒரு சங்கை வைத்திருந்தேன்.
படிவத்தின் கடைசியில் இரண்டு கட்டங்கள்:
வேட்கை, பத்துக்கு.
திறமை, பத்துக்கு.

முதலில் வந்தவன் மடிக்கணினியைத் திருப்பிக் காட்டினான்.
கண்ணாடிக் கட்டடம், மேலே பறவைகள்,
கீழே நிழல் விழாத மனிதர்கள்.
ஒரு கோடும் பிசகவில்லை.
எட்டு, எட்டு என்று போட்டேன்.

பிறகு, நம்புதாளை முபஷ்ஷிரா.
பிந்தி வந்தாள். செருப்பெல்லாம் மணல்.
உட்காருமுன் சம்பளம் கேட்டாள்.
சொன்னேன்.
"காணாதே" என்றாள்.

"எங்க ஊரு நிழற்குடை நீங்க வரைஞ்சதாமே?"
ஆமாம்.
முப்பத்தேழு ஊருக்கு ஒரே வரைபடம்.
ஊர்ப் பெயரை மட்டும் மாற்றி மாற்றி அனுப்பினேன்,
மலையடிக்கும் அதுதான், கடலோரத்துக்கும் அதுதான்.

விண்ணப்பத்தைப் புரட்டி வைத்தாள்.
முதுகில், நீலப் பேனாவில், என் நிழற்குடை;
கோணலாக, ஒரு கால் குட்டையாக.
அதைச் சுற்றிக் கிறுக்கிய திட்டுகள்:
ஒன்பது மணி, பன்னிரண்டு மணி, நாலு மணி.
நாலு மணித் திட்டு முழுக்கப் பின்புறம், கடல் பக்கம்.
அதற்குள் பதினொரு புள்ளி.

"சனங்க" என்றாள்.
"உள்ள உக்காந்தா சுடுது. பின்னாடி நிப்போம்.
பஸ் வருதான்னு ஒரு ஆள் எட்டிப் பாக்கணும்.
இன்னிக்கு பாக்க வேண்டிய ஆளு நான்தான்.
இதை வரைஞ்சிட்டிருந்தேன், பஸ் போயிருச்சு."

சிரிக்கலாமா என்று தெரியவில்லை எனக்கு.

"எம்.எல்.ஏ. பேரு முழ நீளத்துக்கு எழுதியிருக்கு.
வரைஞ்சவங்க பேரு எங்கேயும் காணோம்.
இருந்தா இப்படி வரைஞ்சிருப்பீங்களா?"
கோபமில்லை,
மளிகைக் கடையில் மீதிச் சில்லறை கேட்கும் குரல்.
"நான் வரைஞ்சா என் பேரு போடணும்.
அதையும் எழுதிக்கங்க."

படிக்கிற காலத்தில் ஒரே ஒரு சன்னலுக்காக
மூன்று இரவு விழித்திருக்கிறேன்.
பிறகு அது எந்த டெண்டரில் கழிந்ததென்று
யாரும் கேட்டதில்லை.
நானும்தான்.

அவள் கோட்டுக்கு மூன்றுதான் போட முடியும்.
அந்தப் பதினொரு புள்ளிக்கு?
பேனாவை மூடி வைத்தேன்.

திரும்பும் வழியில் நம்புதாளையில் இறங்கினேன்.
உப்புக் காற்று தின்ற போல்ட்டுகள்.
எவர்சில்வர் இருக்கையில் வெயில் மட்டும்
காலை நீட்டிப் படுத்திருந்தது.
சுற்றிப் பின்னால் போனேன்.
மீன் கூடையை இடுக்கி ஒருத்தி இடம் விட்டாள்,
முகத்தைக்கூடப் பார்க்காமல் சொன்னாள்:
"எட்டிப் பாரு தாயி,
இப்ப ஒன் முறை."