தண் நீர்

செவ்வாய்க்கிழமைகளில் லெட்டர்கென்னி மருத்துவமனையில்
இரத்தம் எடுப்பார்கள். தானத்துக்கு அல்ல.
இரும்பு மிகுந்த உடம்புகள் இவை;
ஈரல் கெடுவதற்கு முன்
ஆளுக்கு அரை லிட்டர் இறக்கிவிட வேண்டும்.
ஊசி என் வேலை இல்லை.
நான் பெயர் கூப்பிடுகிறவள்.

ஃபெர்கல் ஹோரிஸ்கி.
ஃபனாட்டிலிருந்து, நண்டுக்கூண்டு ஏற்றிய வேனில் வருவார்.
குடியை விடச் சொல்லியிருக்கிறார் டாக்டர்.
"பேரிலேயே தண்ணியை வைத்துக்கொண்டு எப்படி விடுவது?"
என்று மாதம் தவறாமல் கேட்பார்.
மாதம் தவறாமல் சிரிப்பேன்,
அதுவும் சம்பளத்தில் சேர்த்தி.

ஆனால் அவர் சொல்வது சரிதான்.
ஐரிஷில் 'ஓ' என்றால் பேரன்.
பேரைச் சுமக்கிறவன்.
மிச்சமுள்ளது குளிர்ந்த நீர்.
ஓ ஃபூரிஷ்கா: தண்ணீரின் பேரன்.

பிறகு குமாஸ்தாக்கள் வந்தார்கள்,
என்னைப்போல மேசைக்குப் பின்னால் உட்கார்ந்தவர்கள்.
ஐரிஷ் தெரியாதவன் காதில் விழுந்ததை எழுதினான்: ஹோரிஸ்கி.
தெரிந்தவன் பாதியை மொழிபெயர்த்தான்: வாட்டர்ஸ்.
குளிர் எங்கே போயிற்று என்று யாரும் கேட்கவில்லை.
இன்னொருவனுக்குக் குளிர்ந்த கிணறு ஒன்று ஞாபகம் வந்தது;
ஸ்காட்லாந்திலிருந்து கப்பலேறி வந்திருந்த ஒரு பெயரை எடுத்து
எதிரே நின்றவன் தலையில் கவிழ்த்தான்: கால்டுவெல்.
வரிசையில் நின்றவர்களுக்கு எழுதப் படிக்கத் தெரியாது.
தொப்பியைக் கையில் பிடித்தபடி
புதுப் பெயரோடு வீட்டுக்கு நடந்தார்கள்.

முதலில் அது தண்ணீரே இல்லை என்பவர்களும் உண்டு.
எவனோ ஒரு முன்னோனின் பெயர்,
வாயில் வாயாகத் தேய்ந்து
தண்ணீர்போலக் கேட்கத் தொடங்கியதாம்.
இருக்கலாம். தேய்ந்தால் எதுவும் நீர்தான்.

என் சட்டையில் குத்திய அட்டை: டிம்ப்னா வாட்டர்ஸ்.
ஆங்கிலத்தில் நடுவே இரண்டு டி.
மின்சாரக் கட்டணம் ஒரு டியோடுதான் வருகிறது.

பதினோரு வருடமாக
டயரியின் பின் அட்டையில் கோடு போட்டு வருகிறேன்.
இந்தக் கதவு வழியாக வந்த வாட்டர்ஸ் முப்பத்தொன்று.
கால்டுவெல் பதினெட்டு.
ஹோரிஸ்கி ஏழு,
அதில் இரண்டு பேர் இப்போது வருவதில்லை,
ஏன் என்று கேட்கும் வேலை என்னுடையதல்ல.
டப்ளினுக்குப் போனால், ஃபெர்கல் சொல்கிறார்,
ஹோட்டல் அறைக்குக்கூட
பெயரை எழுத்தெழுத்தாக ஒப்பிக்க வேண்டியிருக்கிறது.

மெர்வின் கால்டுவெல் ராஃபோவில் மாடு வைத்திருப்பவர்.
தன்னுடையது அசல் ஸ்காட்லாந்துப் பெயர் என்பார்,
வீட்டு பைபிளின் முதல் தாளில் இருக்கிறதாம்.
அதற்கு முந்தைய தாள் கிழிந்திருப்பதையும்
ஒருநாள் அவரே சொன்னார், கேட்காமலே.
அவருக்கும் ஃபெர்கலுக்கும் நடுவில்
எப்போதும் ஒரு காலி நாற்காலி.
வானிலை மட்டும் அதைத் தாண்டிப் போய்வரும்.

இன்று மெர்வின் ஊசி கழற்றியதும் எழுந்தார்,
சுவர் நிறத்துக்கு மாறினார்,
சரிந்தார்.
நர்ஸ் வருவதற்குள் ஃபெர்கல்
காகிதக் குவளையோடு நாற்காலியைத் தாண்டியிருந்தார்.
அவர் கையில் பஞ்சு ஒட்டிய இடம்
மறுபடி சிவக்கத் தொடங்கியிருந்தது.
குடித்தார் மெர்வின். இன்னொன்று கேட்டார்.

கார் ஓட்டக் கூடாது என்றார் நர்ஸ்.
"வேன் இருக்கிறது, கொஞ்சம் நாறும்" என்றார் ஃபெர்கல்.
அழைத்துப் போகிறவர் விவரம் கேட்டது கணினி.
பெயர் அடித்தேன். அடுத்த கட்டம்: நோயாளிக்கு உறவு.

"நண்பர் என்று போடவா?"
"அவ்வளவு தூரம் வேண்டாம்" என்றார் மெர்வின்.

கட்டத்தைக் காலியாக விட்டால் திரை நகராது.
சகோதரர் என்ற சொல்லின் மேல்
அம்புக்குறி கொஞ்ச நேரம் நின்றது.
மேசைக்குப் பின்னால் இருப்பவர் கை
எவ்வளவு தூரம் போகும் என்று எனக்குத் தெரியும்.
எடுத்துவிட்டேன்.

மற்றவை, அழுத்தினேன்.
விளக்கவும், என்றது.
தண்ணீர் கொடுத்தவர், என்று அடித்தேன்.