ஐஸ் கணக்கு

கொட்பேயில் ஒரு பார் ஐஸின் விலையை
நித்திரையில் கேட்டாலும் சொல்லுவேன்.
ஆறு வருடமாக அதைத்தான் எழுதுகிறேன்:
எந்தப் படகு, எத்தனை பார், காசா கடனா.

இமெல்டா உப்புவெளியில் சுழியோடச் சொல்லிக்கொடுக்கிறவள்.
அவளிடம் படித்த ஸ்லோவாக்கியாக்காரி ஒருத்தி
போன வைகாசியில் கைபேசியில் காட்டினாளாம்
உறைந்து நிற்கிற ஓர் அருவியை,
இரண்டு கோடரியை நம்பி அதில் தொங்குகிற தன்னை.
இமெல்டா அன்றிரவே அழைத்தாள்.
"உன்ர ஐஸ்தானடி. ஆனா நிமிர்ந்து நிக்குது."

ஐரோப்பாவைக் கணக்குப் பார்க்க ஒரு நிமிடம் போதுமாயிருந்தது.
எங்கள் பாங்க் புத்தகத்தைக் கண்டால்
விசா கொடுக்கிறவரே இரங்கி ஏதும் போட்டுவிடுவார்.
ஆகவே ஸ்பிதி,
இமயத்தின் பின்பக்கம்.
தையில் போனால் தண்ணீர் இறுகியிருக்குமாம்.

மாரியில் காங்கேசன்துறைக் கப்பலை நம்ப முடியாது.
பலாலியிலிருந்து சின்ன விமானம், பை ஏழு கிலோ.
சென்னையிலிருந்து இரண்டு இரவு ரயில், ஏசி இல்லாத பெட்டி;
குளிருக்குத்தானே போகிறோம்,
குளிருக்கு ஏன் முன்கூட்டியே காசு?
பிறகு பஸ், பிறகும் பஸ்.
சப்பாத்து அங்கே வாடகைக்கு, அதன் முள்ளும் வாடகைக்கு.
கயிறு வழிகாட்டியுடையது.
உயிர் மட்டும் சொந்தம்; அதற்கும் காப்புறுதி தனி.

ஏழாம் மாதச் சீட்டை இமெல்டா கழிவுக்கு எடுத்தாள்.
நான் காப்பை அடகு வைத்தேன்.
"கொக்கி தளர்ந்திட்டுது, தட்டாரிட்ட குடுத்தனான்" என்றேன் அம்மாவிடம்.
அம்மா என் மணிக்கட்டைப் பார்த்தா, முகத்தைப் பார்க்கவில்லை.

ஸ்லோவாக்கியாக்காரி தன் பழைய கோடரிகளை அனுப்பியிருந்தாள்.
சுங்கத்தில் பொதியைத் திறந்தவர்
வளைந்த அலகை விரலால் தொட்டுப் பார்த்தார்.
"என்ன இது?"
"ஐஸில குத்துறது."
என் வேலை அட்டையை வாங்கிப் படித்தார்.
ஐஸ் கம்பெனி, கணக்காளர்.
"ஓ, வேலைச் சாமான்" என்று முத்திரை குத்தித் தந்தார்.
என் உத்தியோகம் எனக்கு வாங்கித்தந்த முதல் சலுகை அது.
கோடரியைக் கைப்பையில் ஏற்றவிட மாட்டார்கள் என்பது
வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது.
கணக்கில் இன்னொரு வரி.

ஞாயிறு இரவு நவ்பர் ஒரு பாரை
சுவரோடு நிமிர்த்தித் தந்தான்.
முதல் அடி வழுக்கியது.
இரண்டாவதில் அலகு இறங்கிப் பிடித்துக்கொண்டது.
கையை எடுத்தேன், கோடரி நின்றது.
அதற்குள் ஏறிய வெண்கீறலை மூன்று பேரும் பார்த்தோம்.
மூன்றாவதில் பார் இரண்டாகி
வாய்க்கால்வரை சறுக்கிப் போனது.
"உடைக்கவா அவ்வளவு தூரம் போறீங்க?"
"உடைக்காம ஏற."
நவ்பர் ஒன்றும் சொல்லவில்லை, விளக்குமாறு எடுத்தான்.
பேரேட்டில் நானே எழுதினேன்:
ஒரு பார், பயிற்சி, காசு.

மீன் வெட்டுகிறவர்களின் றப்பர் கையுறைக்குள் கம்பளி வைத்து
குளிரறைக்குள் நின்று பார்த்தோம்.
பதினொரு நிமிடம்.
இமெல்டா பாதி ஜெபத்தில் பல் கிட்டி வெளியே ஓடினாள்.

வழிகாட்டி அனுப்பிய படிவத்தில் ஒரு கேள்வி:
பனியோடு எத்தனை ஆண்டு பழக்கம்?
ஆறு என்று எழுதினேன்.
இமெல்டா சிரித்துச் சிரித்துத் தேத்தண்ணியைக் கொட்டினாள்.
பொய் எங்கே இருக்கிறது, சொல்லட்டும்.
நான் கண்ட பனியெல்லாம் ஆள் செய்தது,
கிலோவுக்கு விலை வைத்தது,
உருகுவதற்கென்றே ஊற்றியது.
யாரும் செய்யாத ஒன்றை, யாரும் விற்காத ஒன்றை
போய்த் தொடுவதற்குத்தான் இத்தனை விலை.

இன்னும் முப்பத்தெட்டாயிரம் துண்டு விழுகிறது.
அங்கே அருவி விழாமல் நிற்க, இங்கே
இதுதான் விழுந்துகொண்டிருக்கிறது.

விடிய நாலுக்கு சூரைப் படகொன்று புறப்பட வேண்டும்.
அரவை இயந்திரம் கத்துகிறது, தூள் என் காலில் தெறிக்கிறது.
பலகைத் தட்டின் விளிம்பில் விரல் நுனியால் நிற்கிறேன்,
குதிக்கால் அந்தரத்தில்.
கெண்டைக்கால் நடுங்கும்வரை எண்ணச் சொல்லியிருக்கிறாள் இமெல்டா.
எண்பத்தொன்று, எண்பத்திரண்டு.
"பிள்ளை, எத்தனை பார் ஏறிட்டுது?" என்கிறார் தண்டையல்.
"நாற்பது" என்கிறேன்,
குதிக்காலை இறக்காமல்.