வழிசல்

சுய்ஃப்ரேன் வீதி அரங்கில் பிரெஞ்சுப் படம்.
காசில்லை என்றார்கள், போனேன்.
மொழி தெரியாததை யாரும் கேட்கவில்லை.

அதில் ஒருவரும் பேசுவதே இல்லை.
ரொட்டிக்கடைச் சில்லறையைப் பாடி வாங்குகிறார்கள்.
பல்வலியைப் பாடுகிறார்கள்.
மேஜையைத் துடை என்று தாய் பாட
துடைத்தாயிற்று என்று மகள் பாடுகிறாள்;
அப்படித்தான் இருக்கும் என்று
நானாக வைத்துக்கொண்டேன்.

மிஷன் வீதி பெயிண்ட் கடையில்
நிறம் கலப்பவன் நான். பதினேழு வருஷம்.
ஆளைப் பார்த்தால் பெயர் மறக்கும்,
சட்டையைப் பார்த்தால் எண் சொல்வேன்.

அதனால் சுவர்களைத்தான் பார்த்தேன்.
அவள் ஸ்வெட்டர் கத்தரிப்பூ.
பின்னால் சுவரும் கத்தரிப்பூ,
அரைச் சொட்டு வெள்ளை கூட.
அவன் கோபித்து இறங்கும் மாடிப்படி
பழுத்த கொய்யாவின் உட்புறம்.
ரயில் நகரும்போது
நடைமேடைக் கம்பிகூட
அவள் கைக்குட்டைக்கு ஜோடி.

அரங்கமே மூக்கை உறிஞ்சியது.
பக்கத்தில் ஒர்த்தான்ஸ் மதாம்
கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.
நானும் அழுதேன். காரணம் வேறு:

மாடிப்படி திரும்பும் மூலையில்
கொய்யா நிறத்தில் ஒரு வழிசல்.
பிரஷ்ஷில் பெயிண்ட் கொஞ்சம் அதிகம்.
துடைப்பதற்குள் யாரோ அவனைக் கூப்பிட்டிருக்கிறார்கள்.
அறுபது வருஷமாய்
அந்தச் சொட்டு
தரைக்கு வந்து சேரவில்லை.

எல்லோரும் பாடிய படத்தில்
அவனுக்கு ஒரு வரி கிடையாது.

வெளியே ஐப்பசி மழை.
கடற்கரைப் பக்கம் மஞ்சள் சுவர், வெள்ளை ஓரம்,
நனைந்தால் ஒரு எண் கறுக்கும்.
பெரிய வாய்க்கால் தாண்டிவிட்டால்
நாங்கள் ஜோடி பார்த்து அடிப்பதில்லை,
மீந்ததை அடிப்போம்.
மாடிக்குப் பச்சை, கீழே ரோஸ்,
கேட்டுக்குப் போன தேர்தலின் மிச்சம்.

ஆனாலும் பாருங்கள்,
காந்தி வீதி சிக்னலில்
ஊதா மழைக்கோட்டுப் பெண் ஒருத்தி
ஸ்கூட்டரை நிறுத்தினாள்,
பூட்டிய மருந்துக்கடையின் ஊதா ஷட்டர் முன்னால்.
அதே எண். சத்தியமாக அதே எண்.
நாற்பத்திரண்டு விநாடி.
பச்சை விழுந்தது, போய்விட்டாள்.
இசை எதுவும் இல்லை,
பின்னாலிருந்த பஸ்ஸின் ஹாரனைத் தவிர.

மறுநாள் காலை
செவரின் அக்கா வந்தார், பால்கனிக்கு ஒரு லிட்டர்.
அட்டையில் காட்டிய ரோஸுக்கு
இரண்டு துளி சிவப்பு கூட விட்டேன்,
கேட்காமல்.
விலை எவ்வளவு தம்பி?
நானூற்று அறுபது என்றேன்.
'அறுபது' கொஞ்சம் மேலே போய்விட்டது.
முதலாளி கணக்கிலிருந்து நிமிர்ந்தார்.
அக்கா சிரிக்கவில்லை.
அதே உயரத்தில் நின்று
நானூறு, என்றார்.