ரசமட்டம்

பதினோரு நிமிடம்.
காபி வடிந்து முடிவதற்குள்
இருவர் வந்து, பழையதைத் தூக்கி, புதியதை இறக்கி,
கையெழுத்து வாங்கிக்கொண்டு
வேனைக் கிளப்பிவிட்டார்கள்.
மிச்சம் ஒரு வாரண்டி அட்டை, நிலவறைப் படியில் ஷூத் தடம்,
கைப்பேசியில் ஒரு கேள்வி:
எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம்?
ஐந்து கொடுத்தேன்.
பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள் நான்.
குளிரில் வேலை செய்கிறவர்களுக்கு
நட்சத்திரம் குறைக்கிற வழக்கமில்லை.

டுலூத்தில் எதுவும் மட்டமாக நிற்பதில்லை.
மலை முழுக்க ஏரியைப் பார்த்துச் சரிந்திருக்கும்.
என் சமையலறையில் தவறவிட்ட பட்டாணி
தானே வழி கேட்டுக்கொண்டு
நிலவறைப் படி வரை போகும்.

அன்றிரவு முதல் சலவை.
பிழியும் சுற்று வந்ததும்
வீட்டுக்கடியில் ஒரு சரக்கு ரயில் புகுந்தது.
ஓடிப்போய்ப் பார்த்தால்
மெஷின் சுவரைவிட்டு இரண்டடி நகர்ந்து
வாசலைப் பார்த்துத் திரும்பி நிற்கிறது,
கோபித்துக்கொண்டு பிறந்த வீட்டுக்குக் கிளம்பியதுபோல.
குழாய் இழுபட்டு
மகளின் பனிச்சறுக்குக் காலணிகள் இரண்டிலும்
கணுக்கால் வரை தண்ணீர்.

கடைக்குப் போன் போட்டேன்.
நாற்பத்திரண்டு நிமிடம் சாக்ஸபோன்.
பிறகு ஒரு பெண், தேனாக:
"மன்னிக்கணும் மார்லிஸ். வர்ற வியாழன்,
காலை எட்டுலேர்ந்து மாலை அஞ்சுக்குள்ள ஆள் வருவாங்க."
வியாழன் காலையும் மாலையும்
முப்பத்தெட்டுப் பிள்ளைகள் எனக்காகப் பனியில் நிற்பார்கள் என்றேன்.
"அப்போ அதுக்கடுத்த வியாழன்?" என்றாள்.

அதன்பிறகுதான் கையேட்டின் உறையைக் கிழித்தேன்.
ஆறாம் பக்கம், சிவப்புக் கட்டத்துக்குள் ஒரு படம்.
பயணத்தில் உருளை ஆடாதிருக்க
முதுகில் நான்கு போல்ட் முடுக்கியிருக்குமாம்.
ஓட்டுமுன் கழற்றிவிட வேண்டுமாம்.
டார்ச் அடித்தேன்.
நான்கும் இருந்தன, புத்தம் புதிதாக.

என்னிடமிருந்தது அரை இஞ்சு ஸ்பேனர்.
போல்ட் பதின்மூன்று மில்லிமீட்டர்.
நடுவே மயிரிழைதான்.
அந்த மயிரிழையில் போனது
அரை மணி நேரம், விரல்முட்டித் தோல்,
பஸ்ஸில் யார் சொன்னாலும் நான் முன் ஸீட்டுக்கு வரச்சொல்லும்
மூன்று வார்த்தைகள்.

மறுநாள் சரியான ஸ்பேனர் வாங்கினேன்.
கூடவே, அருகில் தொங்கியதால், ஒரு ரசமட்டம்.

போல்ட்டுகள் கழன்ற இடம்
பல் விழுந்த ஈறுபோல் இருந்தது.
வடிகுழாயைக் காற்றுப் புகாமல் டேப் சுற்றி இறுக்கியிருந்தார்கள்.
அதனால் நிரப்ப நிரப்ப வடிந்துகொண்டே இருந்தது;
ஓட்டைக் குடத்துக்கு
மின்சாரக் கட்டணமும் கட்டிக்கொண்டிருந்தேன்.
டேப்பை அறுத்தேன்.
கடைசியாக ரசமட்டத்தை மெஷின் தலையில் வைத்தேன்.
எல்லாம் ஏரிக்குச் சரிகிற ஊரில்
குமிழி மட்டும் மேட்டைப் பார்த்து ஓடியது.
வயிறு தரையில் படக் குப்புறப் படுத்து
முன்காலைக் கால் திருகு, எழுந்து பார்,
இன்னொரு கால் திருகு, எழுந்து பார்.
பதினாறு முறை எழுந்தேன்.
இரு கோட்டுக்கு நடுவில் அது நின்றபோது
சொல்ல ஆளில்லை. மெஷினைத் தட்டிக்கொடுத்தேன்.

சனிக்கிழமை, குழாய் இன்னும் சொட்டியதால்
ரப்பர் வாஷர் வாங்க வரிசையில் நின்றேன்.
எனக்கு முன்னால் அதே பையன்,
கீகன் என்று சட்டையில் பெயர், கையில் மலிவான கையுறை.
கோபத்தை வீட்டிலிருந்தே எடுத்து வந்திருந்தேன்.
போல்ட் கதையைச் சொன்னேன்.
"என்ன போல்ட்?" என்றான்.
செப்டம்பரில் சேர்ந்தானாம். நாளுக்குப் பன்னிரண்டு வீடு.
கூலி வீட்டுக் கணக்கு, நேரக் கணக்கில்லை.
அவன் துணி துவைப்பது காசு போடும் சலவைக்கடையில்.
"எங்க வீட்ல மெஷின் கிடையாது மேடம்."

பிறகு அவன் உதடு லேசாக அசைந்தது.
விரல் மடக்கி எண்ணுகிறான்.
ஐந்து. ஆறு. மறு கைக்குப் போனான்.
காசாளர் இரண்டு முறை கூப்பிட்டும் நிமிரவில்லை.

இன்றிரவு பனி கொட்டுகிறது.
என் மெஷின் அடக்கமாகச் சுற்றுகிறது.
மேலே மலையில், விளக்கெரியும் எந்தெந்த நிலவறையிலோ
ஒவ்வொன்றும் ஒவ்வோர் அடியாக
வாசலை நோக்கி நடந்துகொண்டிருக்கும்.