பேர் கூப்பிடுதல்

பல்லேகலையிலிருந்து வெளியே வந்த அன்று
ஹட்டன் பஸ் ஸ்டாண்டில்
மீதிச் சில்லறையை நீட்டிக்கொண்டு கொண்டக்டர்
"ஐயா" என்றான்.
யாரையோ கூப்பிடுகிறான் என்று
பின்னால் திரும்பிப் பார்த்தேன்.

மூன்று வருஷம்.
செய்யவில்லை என்று எங்கும் நான் சொன்னதில்லை.
கொழுந்து மடுவத்தில் புஷ்பலீலாவின் நிறுவையில்
மூன்று கிலோவைத் தண்ணீர் என்று கழித்தான் ஆரோக்கியம்.
என் கையில் கவ்வாத்துக் கத்தி இருந்தது.
அன்று மழை. தண்ணீர் உண்மையாகவே இருந்திருக்கலாம்.
அவனுடைய இடது சுண்டுவிரலைத்
தராசுக்குக் கீழே தேடி எடுத்து
யாரோ லேஞ்சியில் சுற்றினார்கள்.

தோட்டத்தில் பேர் வெட்டியிருந்தார்கள்.
கைக்காசுக்கு வேண்டுமானால் வா என்றார் கணக்கப்பிள்ளை.
கவ்வாத்து மாதம் பெரட்டுக்களத்தில்
வரிசையாகக் கத்தி கொடுத்துக்கொண்டே வந்தவர்
என் முன்னால் வந்ததும் குனிந்து
மண்வெட்டியை எடுத்தார்.
அவர் ஒன்றும் சொல்லவில்லை.
நான் ஒன்றும் கேட்கவில்லை.
பத்தாம் நம்பர் மலையில் கான் வெட்டினேன்.
அடுத்த கவ்வாத்துக்கும் கான்.

வாக்காளர் படிவம் லயத்துக்கு வந்தபோது
துஷாயினி பேனாவோடு உட்கார்ந்தாள்.
"அப்பா பேரையும் எழுதவா?"
கிராம சேவகர் விரல் மடக்கி எண்ணினார்.
வெளியே வந்து ஏழு வருஷம் கழியணுமாம்.
மூன்று வருஷத் தண்டனைக்கு
ஏழு வருஷத்து வால்.
அவள் என் கோட்டைத் தாண்டி
அம்மாவின் பேரை எழுதினாள்.
அழகான கையெழுத்து அவளுக்கு.

என் தாத்தாவுக்கும் ஒரு காலத்தில் ஓட்டு இருந்ததாம்.
ஒரு சட்டம் போட்டு அதை வெட்டினார்கள்.
அந்த மனுஷன் ஆயுசுக்கும்
தேயிலையைத் தவிர எதையும் வெட்டியதில்லை.
இதை நான் வெளியே சொல்வதில்லை.
சொன்னால்
அவரை எனக்குச் சாட்சிக்குக் கூப்பிட்ட மாதிரி ஆகிவிடும்.

"கவ்வாத்து வெட்டின செடி துளிர்க்கலியா, யோகராசா?"
ஆறுதலுக்குத்தான் சொல்கிறார்கள்.
செடி யாரை என்ன செய்தது?

ஏழு போனது. அதில்
மண்சரிவு கடைசி லயத்தைக் கொண்டுபோனது,
துஷாயினி பெரிய பரீட்சை எழுதினாள்,
நான் கான் வெட்டினேன்.

எட்டாவது வருஷம் பாடசாலையில் வரிசை.
எனக்கு இரண்டு ஆள் முன்னால் ஆரோக்கியம்.
மை பூச வந்திருந்தது வெளியூர்ப் பிள்ளை.
அவன் இடது கையைப் பிடித்து
சுண்டுவிரலைத் தேடினாள்.
தேடிவிட்டு நிமிர்ந்தாள்.
அவன் அடுத்த விரலை நீட்டினான்,
பழகிப்போனவன் மாதிரி.
எத்தனை தேர்தலாக நீட்டுகிறானோ.

பிறகு வாசித்தார்கள்,
கட்சி ஆட்கள் எல்லாருக்கும் கேட்கும்படி:
பெரியண்ணன் யோகராசா.

கடைசியாக ஒரு கூடம் முழுக்கக் கேட்க
இந்தப் பேரை வாசித்தது
நுவரெலியா கோர்ட்டில்.
முழங்கால் கொஞ்சம் ஆடியது.
"இருக்கேன்" என்றேன்.
பெரட்டுக்களத்துப் பழக்கம், இங்கே அது தேவையில்லை.
யாரோ சிரித்தார்கள்.
பெட்டிக்குப் பக்கத்தில் ஆரோக்கியம் திரும்பினான்,
சிரிக்கவில்லை.

என் சுண்டுவிரலை அந்தப் பிள்ளையிடம் கொடுத்தேன்.
முழுசாக இருந்தது.

வெளியே மழை.
அவன் குடையை விரித்துக்கொண்டு
படிக்கட்டில் நின்றான்.
எனக்காக நின்றானா, தூறல் விடட்டும் என்று நின்றானா,
தெரியாது. நான் உள்ளேயே
சுவரில் ஒட்டியிருந்த பேர்ப்பட்டியலைப்
பார்த்துக்கொண்டு நின்றேன்.
திரும்பியபோது படிக்கட்டில் தண்ணீர் மட்டும்.

நேற்றுப் பெரட்டு. மறுபடி கவ்வாத்து மாதம்.
கணக்கப்பிள்ளை கத்திக்கட்டைப் பார்த்தார்,
என் விரலில் மையைப் பார்த்தார்.
மண்வெட்டி.
பிடியில் கை படிந்தது.
கான் நிறையச் சேறு,
மேலே அவர்கள் வெட்டுகிற சத்தம்.